ஆறாம் வகுப்பில் பேண்ட்: நம் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

டெக்ஸாஸில் ஒரு மிடில் ஸ்கூலில் ஆரம்ப பேண்ட் வகுப்பு எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் ஐந்தாம் வகுப்பு முடியும் நேரத்தில் பிள்ளைகள் கருவி தேர்ந்தெடுக்க வருவார்கள். நம் தமிழ்ப் பெற்றோர் அப்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். பிறகு கோயிலிலும் தமிழ்ப் பள்ளி வாசலிலும் மறுபடி அவையே வரும். அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட விதத்திலேயே இருக்கின்றன.

பேண்ட்னா என்னங்க? நம்ம ஊர்ல கல்யாண ஊர்வலத்துல வாசிப்பாங்களே, அதுவா?

கிட்டத்தட்ட அந்தக் குடும்பம்தான். ஊதும் கருவிகளும் தாளக் கருவிகளும் சேர்ந்தது பேண்ட். ஃபுளூட், ஓபோ, கிளாரினெட், பசூன், சாக்ஸபோன் ஒரு பக்கம். டிரம்பெட், ஃபிரெஞ்ச் ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டூபா போன்ற பித்தளைக் கருவிகள் மறுபக்கம். பின்னால் பெர்கஷன் எனும் தாளக் கருவிகள். வயலின், செல்லோ இதில் வராது, அவை ஆர்கெஸ்ட்ரா என்ற தனி வகுப்பு.

பல மாநிலங்களில் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குவார்கள். டெக்ஸாஸில் பெரும்பாலும் ஆறாம் வகுப்பு. இது பள்ளி முடிந்தபின் நடக்கும் பொழுதுபோக்கு இல்லை. பள்ளி நேரத்திலேயே நடக்கும் விருப்பப் பாடம், மார்க் உண்டு.

என் பொண்ணுக்கு நோட்டேஷனே படிக்கத் தெரியாது. லீவுல ஏதாவது கிளாஸ் சேர்த்து விடணுமா?

வேண்டாம். ஒன்றுமே தெரியாத பிள்ளைகளுக்காகத்தான் இந்த வகுப்பு. முதல் சில வாரங்கள் முழுக் கருவியையே கையில் தரமாட்டோம். வாய் வைத்து ஊதும் முனையான மவுத்பீஸ் மட்டும், அதில் ஒரே ஒலியை நிறுத்திப் பிடிப்பது, மூச்சு, உட்காரும் விதம் இவ்வளவுதான். அப்புறம் ஐந்து ஸ்வரங்கள். வீடியோ பார்த்துத் தானே கற்று வரும் பிள்ளைக்குக் கன்னத்தை உப்பி ஊதும் பழக்கம் வந்துவிட்டால், அதை மாற்றுவது புதிதாகச் சொல்லித் தருவதைவிடக் கடினம்.

எந்தக் கருவி நல்லது? நீங்களே சொல்லிடுங்களேன்.

கருவித் தேர்வு மாலையில் பிள்ளை நாலைந்து மவுத்பீஸ்களை ஊதிப் பார்ப்பாள். எதில் சுலபமாக ஒலி வருகிறது, உதடு எப்படி அமைகிறது, கை எட்டுகிறதா என்று பார்ப்போம். உதாரணமாக, மேலுதட்டின் நடுவில் சின்னச் சொட்டுபோல் சதை தொங்கினால் ஃபுளூட்டில் காற்றைக் குவிப்பது சற்றுச் சிரமம். முடியாது என்றில்லை, நேரம் எடுக்கும். அந்தப் பிள்ளைக்கே வேறொன்று முதல் முயற்சியிலேயே அழகாகப் பேசலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், எந்தக் கருவியின் ஒலி அவளுக்குப் பிடித்திருக்கிறது என்பது. தினமும் அதைக் கேட்கப்போவது அவள்தானே. மூன்று விருப்பங்கள் எழுதச் சொல்வோம். மூன்றையும் மனதார எழுதுங்கள், ஏனென்றால் எல்லாரும் சாக்ஸபோன் எடுத்தால் பேண்ட் அமையாது.

பாட்டுக் கற்ற பிள்ளைகளின் பெற்றோரிடம் நான் தனியாகச் சொல்வது ஃபிரெஞ்ச் ஹார்ன். அதில் ஒரே விரலமைப்பில் பல ஸ்வரங்கள் வரும். ஊதுவதற்கு முன்பே ஸ்வரம் காதுக்குள் கேட்டாக வேண்டும். சரளி வரிசை பாடிய பிள்ளைக்கு அந்தக் காது ஏற்கெனவே இருக்கிறது.

ஃபுளூட்னா பொண்ணுங்களுக்கு, டூபான்னா பையனுக்குன்னு சொல்றாங்களே?

யார் சொன்னாலும் கேட்காதீர்கள். பிள்ளை முன்னால் இதைச் சொல்லவும் வேண்டாம். பத்து வயதில் ஒரு முறை கேட்ட பேச்சினால் பிடித்த கருவியை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு.

டிரம்ஸ் ஈஸிதானே? அதையே போட்டுடலாம்னு பாக்கறோம்.

சுலபம் இல்லை. பெர்கஷன் என்றால் டிரம் மட்டும் இல்லை. சைலஃபோன் போன்ற அமைப்பில், மரத்துக்குப் பதில் உலோகப் பட்டைகள் கொண்ட பெல்ஸ் என்ற கருவியில் மெட்டையும் படித்து வாசிக்க வேண்டும். வீட்டில் பயிற்சிக்கு வாங்குவது டிரம் செட் இல்லை, ரப்பர் பேடும் பெல்ஸும்தான். இடங்களும் குறைவு. கீபோர்டு கற்ற பிள்ளைகள், மிருதங்கம் வாசித்த பிள்ளைகள் இதில் நன்றாக வருவார்கள்.

ஆன்லைன்ல நூறு டாலருக்குப் புது டிரம்பெட் கிடைக்குதே. மாசாமாசம் எதுக்கு வாடகை கட்டணும்?

பார்க்கக் கருவிபோல் இருக்கும், வேலை செய்யாது. மிக மலிவான கருவிகளில் உலோகம் மென்மையாக இருக்கும், விரலால் அழுத்தும் வால்வு சிக்கும், சுருதி நிற்காது. உடைந்தால் உதிரிப் பாகம் கிடைக்காததால் பழுதுபார்ப்பவர்கள் பலர் கையிலேயே எடுக்கமாட்டார்கள். கருவியின் கோளாறைப் பிள்ளை தன் கோளாறு என்று நினைத்துக்கொள்கிறது. எனக்கு அதுதான் பெரிய கவலை.

இசைக்கருவிக் கடைகளில் வாடகைத் திட்டம் உண்டு. கட்டும் தொகை பல இடங்களில் கருவியின் விலையில் கழியும், சின்னக் கட்டணத்தில் பழுதுபார்ப்பும் சேர்த்துக்கொள்ளலாம். டூபா, யூஃபோனியம், ஹார்ன், பசூன் போன்ற பெரிய, விலை கூடிய கருவிகளைப் பெரும்பாலும் பள்ளியே சிறு கட்டணத்துக்குத் தரும். பழைய கருவி வாங்குவதானால் ஆசிரியரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். வாடகையே கஷ்டம் என்றால் கூச்சப்படாமல் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள். பல பள்ளிகளில் அதற்கென்று கருவிகள் ஒதுக்கி வைத்திருப்போம், வகுப்பில் யாருக்கும் தெரியாது.

வாய்ல வச்சு ஊதறது... எச்சில் இல்லையா? எங்க மாமியார் ரொம்பக் கவலைப்படறாங்க.

நியாயமான கவலை. தேர்வு மாலையில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இடையில் மவுத்பீஸைக் கிருமிநாசினி போட்டுத் துடைப்போம். அதன்பின் மவுத்பீஸ் அவரவருடையது, வகுப்பில் மாற்றிக்கொள்ள விடமாட்டோம். கிளாரினெட், சாக்ஸபோன் மவுத்பீஸில் பொருத்தும் மெல்லிய பட்டையான ரீடும் அப்படியே. டிரம்பெட்டிலிருந்து தரையில் வடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி மூச்சின் ஈரம்தான். சாதம் வடிக்கும் பாத்திரத்தின் மூடியில் நீர் கோப்பதுபோல் குழாய்க்குள் கோக்கிறது.

ஒரு விதி மட்டும் வீட்டில் கண்டிப்பாக இருக்கட்டும்: சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்காமல் ஊதக்கூடாது. இனிப்பும் ஜூஸும் வால்வுகளிலும், சாக்ஸபோன், கிளாரினெட்டின் துளைகளை மூடும் பேடுகளிலும் ஒட்டிக்கொள்ளும். இந்த விதியைக் காப்பாற்றும் பொறுப்பை மாமியாரிடமே கொடுத்துவிடுங்கள்.

எனக்கு இசையே தெரியாது. வீட்ல நான் என்ன பண்ண முடியும்?

இதுதான் நான் அதிகம் கேட்ட கேள்வி. முதல் வருடத்தைத் தாண்டும் பிள்ளையின் வீட்டில் இசை தெரிந்தவர் இருந்தே தீர வேண்டும் என்றில்லை. ஊதும்போது அறையில் கேட்பதற்கு ஒருவர் இருந்தாரா என்பதுதான் வித்தியாசம். தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு போய் வாசி என்று அனுப்பப்படும் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடுகிறது. அம்மா காய் நறுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியும் மியூசிக் ஸ்டாண்டும் போட்டு வாசிக்கும் பிள்ளை நிலைக்கிறது.

சரி, என்ன கேட்பது? “இன்னைக்கு என்ன புதுசா வந்தது? எனக்குச் சொல்லிக் கொடு” என்று கேளுங்கள். உங்களையே ஊதச் சொல்லட்டும், வராமல் போகட்டும். அவள் உங்கள் விரலைத் திருத்துவாள், மூச்சை எப்படி இழுப்பது என்று சொல்வாள். சொல்லிக்கொடுக்கும்போதுதான் அவளுக்கே தெளிவாகும். “தப்பா வாசிக்கிற” என்று மட்டும் சொல்லாதீர்கள். தவறு அவளுக்கு உங்களுக்கு முன்பே கேட்டுவிட்டது. “அந்த இடத்தை மட்டும் மெதுவா இன்னொரு தரம்” என்று சொன்னால் போதும்.

பிள்ளை எத்தனை நாள் வாசித்தாள் என்று குறிக்கும் பயிற்சி அட்டையில் வாரம் ஒரு கையெழுத்து கேட்போம். அவள் வாசித்ததைக் கேட்காமலே ஞாயிற்றுக்கிழமை இரவு கையெழுத்துப் போட்டுத் தராதீர்கள். நிஜமாக இரண்டு நாள்தான் வாசித்தாள் என்றால் இரண்டு என்றே எழுதுங்கள். அடுத்த வாரம் எதை எளிதாக்குவது என்று எனக்குத் தெரிவது அந்த எண்ணிலிருந்துதான்.

தினமும் எவ்வளவு நேரம்? நாங்க அபார்ட்மென்ட்ல இருக்கோம், கீழ் வீட்டுக்காரங்க திட்டுவாங்க.

தொடக்கத்தில் இருபது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் வாசிப்பது இதற்கு ஈடாகாது. உதட்டுத் தசை களைத்துவிட்டால் அதன்பின் படிவதெல்லாம் தவறான பழக்கம்.

கீழ் வீட்டுக்கு முதலிலேயே போய்ச் சொல்லிவிடுங்கள்: பிள்ளை கற்றுக்கொள்கிறாள், தினமும் இத்தனை மணிக்கு, இருபது நிமிடம், எட்டு மணிக்கு மேல் இல்லை. முன்கூட்டிச் சொன்னால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வார்கள். ஒலியடக்கி வாங்காதீர்கள். காற்று எதிர்த்து நிற்பதால் தொடக்கப் பிள்ளைகள் இறுக்கி ஊதப் பழகிவிடுவார்கள்.

கேக்கவே சகிக்கலைங்க. இந்தக் கீச்சுச் சத்தம் எப்போ நிக்கும்?

கிளாரினெட்தானே? கீச்சுக்குக் காரணம் பெரும்பாலும் நான்கில் ஒன்று. துளையை விரல் முழுதாக மூடவில்லை, மவுத்பீஸை வாய்க்குள் அதிகம் விட்டிருக்கிறாள், ரீடைக் கடிக்கிறாள், அல்லது ரீட் நுனி உடைந்திருக்கிறது. முதல் மூன்றை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். நான்காவதை நீங்கள் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கலாம்.

நாதஸ்வரச் சீவாளியைப் போல ரீடும் நாணல் வகையிலிருந்து செய்வது, நுனி மிக மெல்லியது. தொடக்கத்துக்கு 2 அல்லது 2½ எண் போதும். மூன்று நான்கு ரீடுகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தட்டும். வாசித்ததும் கழற்றித் துடைத்து அதன் உறையில் வைக்க வேண்டும், மவுத்பீஸிலேயே விடக்கூடாது. ஃபுளூட் பிள்ளைக்குக் கீச்சு குறைவு, ஆனால் முதல் நாட்களில் தலை சுற்றும். நிறுத்தி, சாதாரணமாக மூச்சு விட்டு, மீண்டும் ஊதினால் சரியாகும்.

பையன் டிரம்பெட்ல ‘சி’ வாசிக்கிறேங்கறான். கீபோர்டுல பாத்தா அது ‘சி’யே இல்லையே?

உங்கள் காது சரி, பையனும் சரி. டிரம்பெட்டும் கிளாரினெட்டும் பி-ஃபிளாட் கருவிகள். தாளில் ‘சி’ என்று எழுதியதை வாசித்தால் கீபோர்டின் பி-ஃபிளாட்தான் ஒலிக்கும். ஆல்ட்டோ சாக்ஸபோன் அதே ஒலிக்கு ‘ஜி’ என்று படிக்கும், ஃபிரெஞ்ச் ஹார்ன் ‘எஃப்’ என்று படிக்கும். ஃபுளூட்டும் டிராம்போனும் உள்ளதை உள்ளபடியே படிக்கும். அதனால்தான் நான் வகுப்பில் “கான்செர்ட் பி-ஃபிளாட்” என்கிறேன், எல்லாரும் வெவ்வேறு பெயர் படித்து ஒரே ஸ்வரத்தை ஊதுவார்கள்.

நம் கர்நாடக இசையின் சுருதிக் கணக்கில் பி-ஃபிளாட் என்பது ஆறரைக் கட்டை. வீட்டில் சுருதிப் பெட்டி ஆப் இருந்தால் ஆறரைக் கட்டையில் வைத்து ஓட விடுங்கள், அதன்மேல் பையன் நீண்ட ஸ்வரம் பிடிக்கட்டும். இதைவிட நல்ல வீட்டுப் பயிற்சி எனக்குத் தெரியாது.

அவ கர்நாடக சங்கீதமும் கத்துக்கிறா. ரெண்டும் குழம்பாதா? ஒண்ணை நிறுத்திடலாமா?

எதையும் நிறுத்த வேண்டாம். வகுப்பில் நாங்கள் முதலில் சொல்லித்தரும் மேஜர் ஸ்கேல் சங்கராபரணத்தின் அதே ஏழு ஸ்வரங்கள். சுருதி சேருவதும் தாளம் நிற்பதும் இரண்டுக்கும் பொது. குழப்பம் இரண்டு இடங்களில்தான் வரும். ஒன்று, நம் ‘ஸ’ பாடுபவரோடு நகரும், தாளில் உள்ள ஸ்வரம் நகராது. இன்னொன்று கமகம். தொடக்க பேண்டில் ஸ்வரத்தை அசைக்காமல் நேராக நிறுத்தச் சொல்வோம், பாட்டுப் பிள்ளைக்கு அது மொட்டையாகத் தோன்றும். இங்கே இப்படி, அங்கே அப்படி என்று ஒரு முறை சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

நான் கவனிக்கும் ஆபத்து வேறு. இந்தப் பிள்ளைகளுக்குக் காது கூர்மை. பக்கத்தில் வாசிப்பதைக் கேட்டே வாசித்துவிட்டு, தாளைப் படிக்காமல் தப்பித்துவிடுவார்கள். வீட்டில் அவ்வப்போது ஒரு வரியைக் கருவி இல்லாமல், விரலால் தொட்டுப் பெயர் சொல்லிப் படிக்கச் சொல்லுங்கள்.

இந்தக் கருவிகள் நமக்கு அந்நியமும் இல்லை. கிளாரினெட்டில் ஏ.கே.சி. நடராஜனும் சாக்ஸபோனில் கத்ரி கோபால்நாத்தும் கர்நாடக இசையையே முழுக் கச்சேரியாக வாசித்தவர்கள். பிள்ளைக்குப் போட்டுக் காட்டுங்கள்.

ஊர்லேருந்து அப்பா அம்மா வந்திருக்காங்க. பேத்தி என்ன வாசிக்கிறான்னு அவங்களுக்கு ஒண்ணும் புரியல.

புரிய வைக்க ஒரு நல்ல வழி இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பேண்ட் மெட்டுகளைக் கேட்டு, அவற்றுக்குச் சமஸ்கிருத சாகித்யம் அமைத்தார். நோட்டுஸ்வரம் என்று சொல்கிறோம், எல்லாம் சங்கராபரணம். அதில் “ச்யாமளே மீனாக்ஷி” என்பது ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ பாட்டின் மெட்டு. ஆரம்ப பேண்டில் அந்த மெட்டு சீக்கிரமே வந்துவிடும், ஆறே ஸ்வரங்கள்தான். பேத்தி ஊத, பாட்டி பாடட்டும். சுருதி மேலே டிரம்பெட் கேள்வியில் சொன்ன ஆறரைக் கட்டை. ஆறு ஸ்வரத்துக்குள் முடிவதால் பாட்டிக்குக் குரல் எட்டும்.

தாத்தா பாட்டி ஊரிலேயே இருந்தால் வீடியோ காலில் வாசிக்கச் சொல்லி ஏமாறாதீர்கள். அந்த ஆப்கள் பேச்சை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சல் என்று வெட்டும், நீண்ட ஸ்வரம் பாதியில் காணாமல் போகும். ஜூமில் இசைக்கென்று அசல் ஒலி அமைப்பு உண்டு. அதைவிட எளிது, பதிவு செய்து அனுப்புவது.

பல்லுக்குக் கம்பி போடப்போறோம். வீசிங்கும் உண்டு. ஊதலாமா?

கம்பியோடு வாசிக்கும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். டிரம்பெட், ஹார்ன் போன்ற சின்ன மவுத்பீஸ்களில் சில வாரம் வலிக்கும், ஒலி பின்னடையும். பல் மருத்துவர் தரும் மெழுகு உதவும். பெரிய மவுத்பீஸ் கொண்ட டூபாவில் தொல்லை குறைவு. போடும் தேதியை முன்பே எனக்குச் சொல்லுங்கள், அந்த வாரம் பரீட்சை வைக்கமாட்டேன். வீசிங் இருந்தால் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் தடையில்லை, இன்ஹேலர் எங்கே இருக்கிறது என்பது மட்டும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

டிசம்பர் கச்சேரிக்கு எல்லாரும் வரணுமா? அரை மணி நேரத்துக்காக ஆபீஸ்லேருந்து ஓடி வரணும்.

வாருங்கள். பிள்ளை மேடையிலிருந்து முதலில் தேடுவது உங்கள் முகத்தைத்தான். கச்சேரி மதிப்பெண்ணில் சேரும், பிள்ளைகள் வந்து சேர வேண்டிய நேரம் கச்சேரி தொடங்கும் நேரத்துக்கு முன்பே இருக்கும். உங்கள் பிள்ளை வாசித்ததும் எழுந்து போகாதீர்கள். அடுத்து வாசிப்பது பெரிய வகுப்புப் பிள்ளைகள், இரண்டு வருடத்தில் தான் எங்கே இருப்போம் என்று உங்கள் பிள்ளை பார்க்கப்போகும் ஒரே இடம் அது.

கச்சேரி முடிந்த கையோடு ஊருக்குப் போகிறவர்கள், சின்னக் கருவியானால் கையோடு கொண்டு போகலாம். அமெரிக்க விமான நிறுவனங்கள், மேலே வைக்க இடமிருந்தால், சிறிய கருவியைக் கைப்பையாக அனுமதிக்க வேண்டும் என்று 2012 சட்டம் சொல்கிறது. டூபா என்றால் மவுத்பீஸை மட்டும் எடுத்துப் போங்கள், தினம் ஐந்து நிமிடம் போதும்.

கணக்குல மார்க் குறைஞ்சா பேண்டை நிறுத்திடுவாங்களா?

டெக்ஸாஸில் 1984 முதல் ஒரு சட்டம் உண்டு. ஒரு பாடத்தில் 70க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டிகளில் கலந்துகொள்ள முடியாது. வகுப்பும் பயிற்சியும் தொடரும், மார்க் ஏறியதும் திரும்பலாம். மார்க் குறைந்தால் வீட்டுத் தண்டனையாகக் கருவியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோர் சிலர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். கணக்கு ஏறாது, இங்கேயும் ஒரு மார்க் விழும்.

பூஸ்டர்ஸ்னு ஒரு கூட்டத்துக்குக் கூப்பிடறாங்க. அங்க நமக்கு யாரையும் தெரியாதே?

பூஸ்டர்ஸ் என்பது பேண்ட் பெற்றோர் சங்கம். நிதி திரட்டுவது, சீருடை பிரிப்பது, பயணத்தில் பிள்ளைகளோடு போவது எல்லாம் அவர்கள். உதவ வரும் பெற்றோருக்கான பள்ளி மாவட்டத்தின் பின்னணிச் சரிபார்ப்புப் படிவத்தை ஆகஸ்டிலேயே நிரப்பிவிடுங்கள், அனுமதி வர நாளாகும். பேச்சுத் தயக்கமாக இருந்தால் கையால் செய்யும் வேலையாகக் கேளுங்கள்: நாற்காலி போடுவது, நோட்டுத் தாள் அடுக்குவது, தண்ணீர் கொடுப்பது. இரண்டு தடவை போனால் நாலு பேர் தெரிந்துவிடுவார்கள்.

நவம்பர்லேயே ‘எனக்கு பேண்ட் வேண்டாம்’னு அழறா. விட்டுடலாமா?

முதலில் கருவியைக் கொண்டு வாருங்கள். கசியும் பேட், வளைந்த கீ (விரலால் அழுத்தும் பாகம்), சிக்கிய வால்வு என்று ஏதாவது இருக்கிறதா என்று நான் ஊதிப் பார்க்கிறேன். அழுகைக்குக் காரணம் பல தடவை இதுதான், அரை மணி நேர வேலை. கருவி சரியென்றால், வகுப்பில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று கேளுங்கள். மேலே உதடு பற்றிச் சொன்னேனே, அந்த மாதிரி பொருத்தமின்மையாக இருந்தால் கருவியை மாற்றலாம். குளிர்கால விடுமுறை அதற்கு நல்ல நேரம்.

இது எதுவும் இல்லாமல் வெறும் களைப்பு என்றால் ஒரு ஒப்பந்தம் போடுங்கள்: மே மாதம் வரை வாசிப்பது, அதன்பின் முடிவு அவளுடையது. பாதி வருடத்தில் விருப்பப் பாடத்தை மாற்ற பல பள்ளிகள் விடுவதும் இல்லை. மே மாதத்திலும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், சண்டை வேண்டாம். வாடகைக் கருவியைத் திருப்பிக் கொடுக்கும் முன் உறையின் உள்பைகளைப் பாருங்கள், நல்ல மவுத்பீஸ்களும் ரீடுகளும் அதோடு போய்விடுகின்றன.